மாமா போட்ட மோதிரம்

என் பாபுவுக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்றுத்தான் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்தேன். அதற்குள் உனக்கு என்ன வந்துவிடப்போகிறது? கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை வழியில் யாருக்காவது தானம் பண்ணியிருப்பாய், அது ஒன்றுதான் என் கவலை. ரயில் கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி ஒன்று சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். "அம்மா, அந்தத் தேஞ்சுபோன மோதிரத்த அழிச்சுப் புதுசா பண்ணச் சொல்லிடு. கல்யாணத்துல அதப் போட்டா நாலு பேரு சிரிப்பாங்க" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. பிளாட்பாரத்தில் நின்று கத்திச் சொல்கிற விஷயமில்லை அது.

மோதிரத்தை அழிக்கப் போவதில்லை. உன் மாமா கேட்டது அந்த மோதிரத்தைத்தான், அப்படியே, தேய்ந்த பக்கத்தோடு. ஏன் என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும். "அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஏதோ சண்டை" என்று மட்டும் தெரியும். என்ன சண்டை என்று நீ கேட்டபோதெல்லாம் நான் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன். இப்போது அந்த மாமாவின் மகள் வசந்தாவையே கட்டிக்கொள்ளப் போகிறாய். இனிமேலும் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் நன்றாயிருக்காது.

உன் அப்பா இங்கே பெங்களூரில் அடுகோடிப் பக்கம் கல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே என்ன செய்தார் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. எங்கெங்கிருந்தோ மூட்டை மூட்டையாகக் கல் வரும். சுண்ணாம்புக்கல், இரும்புக்கல், ஓட்டுச் சூளைக்கு ஆகிற களிமண். அதை இரும்பு உரலில் இடித்து, இரும்புப் பலகையில் கொட்டி, கனமான இரும்புக் கட்டியால் அம்மியில் அரைப்பதுபோல மாவாகத் தேய்த்து, உள்ளங்கையால் கூட்டி அள்ளி, பொட்டலம் கட்டி உள்ளே கொடுக்க வேண்டும். சாயந்தரம் ஆஸ்டின் டவுனில் நம் வீட்டுக்கு நடந்து வந்து சேரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். மாவு மில்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று நான் கேலி பண்ணுவேன். அவர் சிரித்துக்கொண்டே தலையைத் தட்டுவார், வீடெல்லாம் தூசி பறக்கும், நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இப்படித்தான் எங்கள் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

என் அண்ணன், அதாவது உன் மாமா, அப்போதே கோலார் தங்கச் சுரங்கத்தில் துளை போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இன்று அதுதான் உன் சோறு. ஆனாலும் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன், தப்பிருந்தால் வசந்தாவிடம் சொல்லிச் சிரித்துக்கொள். பூமிக்குள் வெள்ளைக் கல் ஒரு வரியாக ஓடும், தங்கம் அதில்தான் இருக்கும், அந்த வரி தீர்ந்துபோனால் சுரங்கம் தீர்ந்தது. அதனால் தீருவதற்கு முன்னால் அடுத்த வரி எங்கே என்று தேட வேண்டும். கீழே, அந்த வேக்காட்டில் நின்றுகொண்டு, வயிரம் பதித்த முனையால் பாறைக்குள் நீளத் துளை போடுவார்கள். குழாய்க்குள் கல் கரும்புத் துண்டுகள்போல வெளியே வரும். அதை நெடுக்கப் பிளந்து ஒரு பாதியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், மறு பாதியைப் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம் அது. அண்ணன் வேலை செய்த குழியில் வரி தீர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு வரி கிடைத்தால் அந்தக் குழிக்கு இன்னும் பல வருஷம் ஆயுள், கிடைக்காவிட்டால் மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் ஆட்கள் வருகிற கல்லையெல்லாம் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்களாம். சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, மாப்பிள்ளை எந்தக் குழி என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் காப்பியைத் தொட்டார்களாம்.

அங்கே இருந்த பரிசோதனை அறைக்கு வேலை தாங்கவில்லை. அதனால் அண்ணன் குழியின் கல் கொஞ்சம் பெங்களூருக்கு, அதிலும் உன் அப்பா வேலை செய்த கூடத்துக்கே வந்தது. விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்தார். உன் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாப்ள, எங்க கல்ல வேற ஒருத்தன் கையில குடுத்துடாத. நீயே இடி. ஒரு சிட்டிகை வீணாவக் கூடாது" என்றார். உன் அப்பாவிடம் யாரும் எதையும் இப்படிக் கேட்டதில்லை. "நான் பாத்துக்கறேன் மச்சான்" என்று சொன்னபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, மந்திரி பதவி கிடைத்தவர் மாதிரி இருந்தது.

அந்தக் கையில்தான் மோதிரம் இருந்தது. எங்கள் கல்யாணத்தில், பெண்ணின் அண்ணன் என்ற முறையில் மாமா போட்டது. தங்கக் கல்லை இடிக்கிறவன் கையில் தங்கம் இருக்கக் கூடாது என்பது எல்லாக் கூடத்திலும் சட்டம், உனக்கே தெரியும். அதற்கு முன்னால் சுண்ணாம்பும் களிமண்ணும் இடித்த ஆளுக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை. இப்போது கழற்றச் சொன்னார்கள், சரி என்று தலையாட்டிவிட்டார். ஆனால் அந்த வாரம்தான் உலக்கை நழுவி விரல் நசுங்கியிருந்தது. வீங்கிப்போய், மோதிரம் அசையக்கூட இல்லை. கழற்ற வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சரிப்பா, இந்த வாரம் நீ வேறு கல்லைப் பார் என்று அனுப்பியிருப்பார்கள். அப்புறம் மச்சானுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பார்த்தவர்கள் காயத்துக்குக் கட்டு என்று நினைத்தார்கள். காயமும் இருந்தது, கட்டும் இருந்தது, அதனால் இவருக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை.

அந்தக் கல்லில் ஒரு பொட்டலத்தில் மட்டும் தங்கம் வந்தது. கொஞ்சநஞ்சமில்லை, குழியின் தலையெழுத்தே மாறுகிற அளவுக்கு. செய்தி போனதும் லைன் வீடுகளில் பட்டாசு வெடித்தார்களாம். அண்ணன் ஜிலேபிக் கூடையும் மல்லிகைப் பந்துமாக வந்து இறங்கினார். உனக்கு அந்த நாள் நினைவிருக்கும், நாலாம் வகுப்பில் இருந்தாய், ஜிலேபி தின்று மேல் சட்டையைப் பாழாக்கி என்னிடம் அடி வாங்கினாய். "இன்னும் வருஷக்கணக்குல சோறு இருக்கு தங்கச்சி!" என்று அண்ணன் தெருவிலேயே கத்தினார். உள்ளே வந்ததும் உன் அப்பாவின் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "பாரும்மா, நான் போட்ட மோதரம்! இந்தக் கை இடிச்சதாலதான் வந்துச்சு!" நான் அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா மட்டும் மோதிரத்தைப் பார்த்தார். அடிப்பக்கம் தட்டையாகி, கோடு கோடாகக் கீறல் விழுந்து, புதுசுபோல மின்னிக்கொண்டிருந்தது.

கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். எல்லோருக்கும் இலை போட்டாயிற்று. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாய்க்குப் போகவில்லை. பாயசம் எடுக்க நான் அடுக்களைக்குப் போனபோது பின்னாலேயே வந்து நின்றார்.

"அந்தக் கல்லுல தங்கம் இல்ல."

"இன்னா சொல்றீங்க?"

"துணி அறுந்துபோயிருக்குது, நான் பாக்கல. மாவைக் கூட்டும்போது மோதரம் பலகையில தேஞ்சிருக்குது. அது இந்தத் தங்கம்."

"வாயக் கழுவுங்க முதல்ல" என்றேன். "அண்ணன் சாப்பிட்டுக்கினு இருக்காரு. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பெரிய ஆபீசரா? சும்மா கெடங்க." கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன், பாபு. அவர், "சாப்பிட்டு முடிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயசப் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். தன் கையாலேயே அண்ணனுக்கு இரண்டு தடவை பரிமாறினார். அண்ணன் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் உன் அப்பா சொன்னார்.

அண்ணன் முதலில் சிரித்தார். "மாப்ள, வெளையாடாத." அப்புறம் மோதிரத்தைத் தடவிப் பார்த்தார். தடவிப் பார்த்த விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "சரி. வந்தது வந்துபோச்சு. நீ வாய மூடிக்கினு இரு. இந்தக் கணக்க நம்பி இன்னும் ரெண்டு மூணு துளை போடுவாங்க. அதுல நெசமாவே கெடச்சாலும் கெடைக்கும். கெடைக்கலன்னா கெடைக்கல, யாரு உன்ன கேக்கப்போறாங்க?"

"துளையோட நிக்காதே மச்சான். அந்த ஆழத்துல பாதை வெட்ட ஆளை எறக்குவாங்க. பாறை வெடிக்கிற எடம்னு நீதானே சொல்லுவ. என் மோதரத்தத் தேடிக்கினு போயி எவனாவது உள்ள மாட்டினா?"

"மூடிட்டா எல்லாரும்தான் சாவணும். என் ஆளுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? பட்டாசு வெடிச்சாங்கடா!"

"நாளைக்கு ஆபீசுல சொல்லப்போறேன். அதுக்கு முன்னால உனக்குச் சொல்லணும்னு தோணிச்சு."

அண்ணன் எழுந்துவிட்டார். வெற்றிலை தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "தங்கச்சி, வரேன்" என்றார். வரேன் என்று சொன்னாரே தவிர, அதற்கப்புறம் பல தீபாவளி வந்து போயிற்று, அவர் வரவில்லை. அன்று சாயந்தரம் நானே சோப்பு நுரையும் நூலுமாக உட்கார்ந்து அந்த மோதிரத்தைக் கழற்றினேன். தோல் உரிந்து ரத்தம் வந்தது. வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. புளிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

மறுநாள் அவர் ஆபீசரிடம் சொன்னார். ஆபீசர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். "ஏனப்பா, நீனே பந்து ஹேள்தியா?" என்று கேட்டாராம், நீயே வந்து சொல்கிறாயா என்று. பெட்டியில் இருந்த மறு பாதிக் கல்லை வரவழைத்து வேறு ஆளை விட்டு இடித்தார்கள். ஒன்றுமில்லை, வெறும் கல். துளை போடுவது நின்றது. பிறகு குழியும் மூடியது. அண்ணனை இன்னொரு குழியில் தள்ளுவண்டி தள்ளப் போட்டார்கள், மேஸ்திரியாக இருந்த மனுஷரை. உன் அப்பாவுக்கு வேலை போகவில்லை, தங்கக் கல் பக்கம் மட்டும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் மறுபடியும் களிமண்ணுக்குப் போனார்.

நான் அவரைச் சும்மா விடவில்லை. எனக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, பிறந்த வீடென்று இருந்தது அண்ணன் ஒருவர்தான். பொங்கல் வரிசை நின்றுபோன முதல் வருஷம், கரும்பு வண்டி தெருவில் போகும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "உங்க யோக்கியத்துக்கு என் பொறந்த வூட்டத்தான் பலி குடுக்கணுமா?" என்று கேட்டேன். ஒரு தடவையல்ல, அடுப்பு புகைந்தாலும் கேட்டேன், மழை ஒழுகினாலும் கேட்டேன். அவர் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. எனக்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்து வைப்பார், அவ்வளவுதான். கோபத்தோடு ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது எவ்வளவு பேஜார் தெரியுமா? தினமும் சோறு போட வேண்டும், சட்டை துவைக்க வேண்டும், நடுவில் கோபத்தையும் ஞாபகமாக வைத்துக்கொள்ள வேண்டும். எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. நீயும் வசந்தாவும் சண்டை போடுவீர்கள். போடுங்கள். ஆனால் பேசிக்கொண்டே போடுங்கள். அவள் உன் மாமாவின் மகள், குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும், பயந்துவிடாதே. நீ உன் அப்பாவைப்போல ஊமையாக நின்றால்தான் எனக்குக் கோபம் வரும்.

அப்பா வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீ கேட்பாய். நானும் எத்தனையோ நாள் கேட்டுப் பார்த்துவிட்டேன். அடுத்த துளையில் கிடைத்திருக்கலாம், குழி இன்றுவரை ஓடியிருக்கலாம், அண்ணன் மேஸ்திரியாகவே இருந்திருக்கலாம். யாராவது பாறைக்கு அடியிலும் போயிருக்கலாம். அங்கே தங்கம் இருந்ததா இல்லையா என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே வாழப் பழகிவிட்டோம்.

பிறகு நீ காலேஜில் கல்லைப் பற்றியே படித்தாய். படித்து முடித்து அதே ஊரில், அதே துளை போடுகிற பிரிவில் வேலைக்குப் போய் நின்றாய். போன இடத்தில் கேட்காமல் கொள்ளாமல் மாமா வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறாய். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை, உனக்கு வந்தது. அண்ணன் உன்னை வெளியே போ என்று சொல்லவில்லை, "வாடா மருமவனே, சாப்ட்டியா?" என்று கேட்டாராம். அதை நீ எழுதியபோது நான் அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அதற்கு மேல் நடந்ததை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். மாமாவைப் பார்க்கப் போகிறேன் என்று யாரைப் பார்க்கப் போனாய் என்று எனக்கென்ன தெரியாதா?

நிச்சயதார்த்தத்தன்று நீ வெளியே டாக்சிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தாய், உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் கழித்து அண்ணன் நம் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. உன் அப்பா எழுந்து நின்றார், நின்றவர் நின்றபடியே இருந்தார். அண்ணன் நேராகப் போய் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரலில் ஒன்றுமில்லை. "மோதரம் எங்க?" என்றார். நான் புளிப் பானையிலிருந்து எடுத்து, கழுவி, கொண்டுவந்து கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்தார், அன்றைக்குத் தடவிய அதே இடத்தில். அதற்குள் அவரோடு வந்திருந்த சொந்தக்காரர் ஒருத்தர், "இந்த வூட்டுக்காரனாலதானே நம்ம குழியே போச்சு, இங்கயா பொண்ணு குடுக்கறது?" என்று முணுமுணுத்தார். எல்லோர் காதிலும் விழுந்தது. அண்ணன் திரும்பாமலே சொன்னார். "ஆமா, இங்கதான். இல்லாதத இருக்குன்னு சொல்லாத வூடு இது. என் பொண்ணு இங்க ஏமாற மாட்டா."

உன் அப்பா அழுதார், பாபு. நானும் அழுதேன். நீ உள்ளே வந்து, "ஏன், பூ போதலையா?" என்று கேட்டாய். நல்ல பிள்ளை!

அப்புறம்தான் அண்ணன் சொன்னார், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அவர் மகன் போடப்போகிற மோதிரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று. தேய்ந்திருக்கிறதே என்றேன். "அந்தத் தேஞ்ச தங்கத்தாலதான் ஒரு நாள் எங்க லைனு பூராவும் சிரிச்சுது. இருக்கட்டும்மா" என்றார். அதனால்தான் சொல்கிறேன், நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பக்கத்துக் குழியிலிருந்து, மூடிப்போன அந்தக் குழிப் பக்கமாகவே மறுபடியும் துளை போடப்போகிறோம், அந்தக் கல்லைப் பார்ப்பது என் வேலை என்று இந்தத் தடவை வந்தபோது சொன்னாய். சாதாரணமாகச் சொன்னாய். உன் அப்பா அன்று சாப்பிடவில்லை, நீ கவனிக்கவில்லை. ஊரே உன் முகத்தைப் பார்க்கும், ராஜா. கடைக்குப் போனால் கடைக்காரன் கேட்பான், குழாயடியில் வசந்தாவைக் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல். தெரிந்து, சொல்லலாம் என்று ஆபீசில் சொன்னதும், நல்லதோ கெட்டதோ, மாமாவிடம் முதலில் போய்ச் சொல். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்துக்கொள். கிடைக்க வேண்டும் என்று நான் தினமும் கோயிலில் விளக்குப் போடுகிறேன். கிடைக்காவிட்டால் நீ என்ன பண்ணுவாய், கல்லுக்குள் நீயா கொண்டுபோய் வைக்க முடியும்?

வேலைக்குப் போகும்போது தினமும் மோதிரத்தைக் கழற்றி வசந்தா கையில் கொடுத்துவிட்டுப் போ. சாயந்தரம் வந்து கையை நீட்டு, அவள் போட்டுவிடட்டும். தினமும் ஒருமுறை அவள் கையைத் தொட உனக்கு ஒரு சாக்கு, நான் சொல்லியா தர வேண்டும்!

இவ்வளவையும் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து, அந்தப் பழைய விரலைத் தடவிக்கொண்டே கேட்டார். நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். கடிதத்தை மடிக்கப் போகும்போதுதான் வாயைத் திறந்தார். "மோதரம் இறுகிப்போயி கழட்ட வரலன்னா, வரலன்னு சொல்லிடச் சொல்லு. வெக்கப்பட வேணாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உன் அம்மா